விலை காணும் நிதானம்

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகைச் சாலையில் விலைக்கு வரும் ஒரு சிறு லேத் பட்டறையை வாங்குபவர் பொருட்டு மதிப்பிட வருகிற தேர்ந்த கணக்கர், ஐந்தொகையைப் புரட்டுவதற்கு முன்பாக இயந்திரத்தை ஓடவிடச் சொல்லி, பேரிங்கின் ரீங்காரத்தைச் சிறிது நேரம் கண்மூடிக் கேட்டு, எண்ணெய் பூத்த இரும்பில் வேலை மிகுதியாக நிகழும் தலைப்பக்கத்துத் தேய்மானத்தை விரல்நுனியால் வருடிப் பார்க்கும் நிதானம் காண ரம்மியமானது. பிறகே காகிதம். விற்பனைப் பதிவேட்டின் அருகே மின்கட்டண ரசீதுகளை வைத்து அவர் மாதவாரியாக ஒப்பிடுகையில், ஓடாத இயந்திரம் ஈட்டியதாகச் சொல்லப்படும் லாபம் தானே வெளிப்பட்டுவிடும். தூசி படிந்த சரக்கின் புத்தக விலை அவர் பென்சிலின் கீழ் சத்தமின்றிக் குறையும். உற்பத்தி முழுவதும் ஒரே வாகனக் கம்பெனிக்குப் போகிறதென்றால் (இப்பிரதேசத்தில் அது அபூர்வமன்று) புருவம் சற்றே உயரும்.

கண்ணுக்குத் தெரியாத நற்பெயரை எடைபோடுவதுதான் கடினமான காரியம். ஓசூரில் பெரிய ஆலை கொண்ட டிவிஎஸ் மோட்டார், 2020 ஏப்ரலில், இங்கிலாந்தின் நொடித்துப்போன நார்ட்டன் மோட்டார்சைக்கிள் தொழிலை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, அவ்விலை இயந்திரங்களுக்கு மாத்திரம் உரியதாக இருந்திருக்க முடியாது. பட்டறையிலும், பழைய தொழிலாளிகள் தங்குவார்களா என்று விசாரித்த பின்னரே கணக்கர் கடைசித் தொகையை எழுதுகிறார்; வாங்குபவர் அவசரப்படுத்தினால் எழுத மறுத்தும் விடுகிறார்.