ஹோட்டல் (ஆர்தர் ஹெய்லியின் நாவல்)

ஹோட்டல், ஆர்தர் ஹெய்லி (1920–2004) எழுதி 1965-ல் வெளிவந்த ஆங்கில நாவல். இங்கிலாந்தின் லூட்டனில் பிறந்து 1947-ல் கனடாவில் குடியேறிய ஹெய்லி, ஒரு தொழிலின் உட்புறத்தைக் கதையாக்குவதற்குப் பெயர்பெற்றவர். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றதும் நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடை; இந்நாவல் பேசுவது பெரிய தங்கும் விடுதியைப் பற்றி. பரபரப்புக் கதையாகவே படிக்கப்பட்டுவரும் இதை, ஒரு விடுதியின் மதிப்பு எப்படிக் கரைகிறது என்று காட்டும் நூலாகவும் படிக்கலாம்.

கதை

நியூ ஆர்லியன்ஸ் நகரில் செயின்ட் கிரிகரி என்னும் கற்பனை விடுதியில், திங்கள் மாலை முதல் வெள்ளி வரை கதை நடக்கிறது. உரிமையாளர் வாரன் ட்ரெண்ட் 20 லட்சம் டாலர் அடமானக் கடனை வெள்ளிக்கிழமைக்குள் அடைக்க வேண்டும். பல விடுதிகளுக்குச் சொந்தக்காரரான கர்டிஸ் ஓ'கீஃப் அதை வாங்க வந்து அங்கேயே தங்குகிறார். (பேரம் படிய வேண்டுமென்று ஜெபிக்கும் பக்திமான் அவர், ஹெய்லியின் நல்ல கேலிகளுள் ஒன்று.) நடுவில் நின்று விடுதியை நடத்துபவர் இளம் மேலாளர் பீட்டர் மெக்டெர்மாட்.

மதிப்பு கரையும் விதம்

ஓ'கீஃபின் ஆட்கள் சாதாரண விருந்தினர்போலத் தங்கி ரகசிய அறிக்கை தயாரிப்பது நாவலின் வலுவான பகுதி. மதுக்கூடத்தில் நடக்கும் கையாடலையும், குப்பையோடு எரியவிருக்கும் கரண்டிகளைப் பொறுக்கி மீட்கும் தொழிலாளியையும் ஹெய்லி பொறுமையாக எழுதுகிறார். இவை வெறும் சுவைக்காகச் சேர்த்த தகவல்கள் அல்ல. விடுதியின் விலை பெரும்பாலும் அதன் ஆண்டு நிகர வருமானத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. வாங்குபவர் 8 சதவீத வருவாய் எதிர்பார்த்தால், ஆண்டுக்கு 8 லட்சம் டாலர் ஈட்டும் விடுதியின் மதிப்பு ஒரு கோடி டாலர். அங்கே 80,000 டாலர் கசிவை அடைத்தால் மதிப்பு 10 லட்சம் கூடும். ட்ரெண்ட் கவனிக்காமல் விட்ட இந்தக் கணக்கைத்தான் ஓ'கீஃப் முதலில் போடுகிறார்.

லிஃப்டுகளின் நிலை பற்றித் தலைமைப் பொறியாளர் எச்சரித்தும் பெரிய செலவு தள்ளிப்போகிறது. கடைசி நாளில் ஒரு லிஃப்ட் விழுந்து உயிர்கள் போகின்றன. கடன் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவு; அதன் விலையைக் கொடுப்பவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே இராத விருந்தினர்கள்.

கறுப்பினப் பல் மருத்துவர் ஒருவருக்கு அறை மறுக்கப்படும் நிகழ்ச்சியில் இந்தக் கூர்மை இல்லை. மாநாட்டையே வேறிடம் கொண்டுபோவதாக அதன் தலைவர் மிரட்டுவதால் நிறபேதம் வருமானப் பிரச்சினையும் ஆகிறது. ஆனால் அவமதிக்கப்பட்டவரின் மனத்தைவிட, அதனால் வெள்ளையர்கள் படும் சங்கடமே விரிவாக வருகிறது.

முடிவின் பலவீனம்

இவ்வளவு கவனமாகக் கட்டிய சிக்கலை ஹெய்லி எளிதாக அவிழ்த்துவிடுகிறார். மோசமான அறையில் மூச்சுத்திணறிக் கிடந்த எளிய முதியவர் ஆல்பர்ட் வெல்ஸ், சுரங்கத்தில் பொருள் ஈட்டிய செல்வந்தர் என்று தெரியவருகிறது. அவரே விடுதியை வாங்கி மெக்டெர்மாட்டிடம் ஒப்படைக்கிறார். மாறுவேடத்தில் வந்த ராஜாவின் கதைதான். கடனும் பழுதும் சேர்ந்த விடுதி தன் வருமானத்தில் மீள முடியுமா என்ற கேள்வி வெல்ஸின் பணப்பைக்குள் மறைந்துவிடுகிறது.

நாவலுக்குப் பின்

நல்ல முதலாளியா, பெருநிறுவனமா என்பதே நாவலின் கேள்வி. தொழில் போன வழி வேறு. 1993-ல் மாரியட் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சொத்துகளை வைத்துக்கொண்டது, மற்றது விடுதிகளை நடத்தியது. 2014-ல் ஹில்டன், நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியாவைச் சீனாவின் அன்பாங் நிறுவனத்துக்கு 195 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஆனால் 100 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

வாசலில் ஒருவர் பெயர், பத்திரத்தில் இன்னொருவர் பெயர். நடத்துபவரின் கட்டணத்தில் பெரும்பங்கு மொத்த வருவாயைப் பொறுத்தது. உரிமையாளருக்கு மிஞ்சுவது லாபம் மட்டுமே. உரிமையாளர் சார்பில் இதைக் கண்காணிப்பவரே இன்றைய சொத்து மேலாளர். அறைக்கலன்களையும் கருவிகளையும் புதுப்பிக்க வருவாயில் சுமார் 4 சதவீதம் ஒதுக்குவது ஒப்பந்தங்களில் வழக்கம். பெரிய வேலைகளுக்கு அது போதாதபோது, லிஃப்டுக்கு யார் பணம் தருவது என்று இருதரப்பும் வாதிடுகின்றன. ட்ரெண்டின் காலத்தில் பதில் சொல்ல ஒரே ஒருவராவது இருந்தார்.

பிற வடிவங்கள்

ரிச்சர்ட் க்வைன் இயக்கத்தில் 1967-ல் திரைப்படமாக வந்தது. மெக்டெர்மாட்டாக ராட் டெய்லர் நடித்தார். 1983 முதல் 1988 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர், கதைக்களத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றியது.