முப்பதுக்கு முப்பது வாங்கும் குரல் எது?

மேடையில் கவிதை சொல்லி மதிப்பெண் வாங்கும் கவிதை ஸ்லாம் போட்டியின் விதிகள் கறாரானவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். நேரம் மூன்று நிமிடம், பத்து விநாடி சலுகை. அதையும் தாண்டினால் அரை அரைப் புள்ளியாகக் கழியும். வாத்தியம், வேஷம், கைப்பொருள் எதுவும் கூடாது. பார்வையாளர்களிலிருந்து பிடித்து உட்காரவைத்த ஐந்து பேர்தான் நடுவர்கள். ஆளுக்குப் பத்துக்குள் மதிப்பெண். உச்சமும் அடியும் போக, நடுவில் நிற்கும் மூன்றின் கூட்டல் அதிகபட்சம் 30. 1986-ல் சிகாகோவின் கிரீன் மில் ஜாஸ் விடுதியில் இந்த ஆட்டத்தை நிலைபெறச் செய்த மார்க் ஸ்மித் ஒரு கட்டடத் தொழிலாளி. தீர்ப்புச் சொல்லும் உரிமையைக் கேட்க வந்தவர்களிடமே கொடுத்தார்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. நண்பரின் தாராளமும் வேண்டாதவரின் கஞ்சத்தனமும் அடிபட்டுப்போகும். ஆனால் மேடையேறும் வரிசையின் பாதிப்பு போகாது. அரங்கம் சூடேற ஏற மதிப்பெண்ணும் ஏறும். அதற்காகவே போட்டியில் சேராத ஒருவரை முதலில் ‘பலி’யாக மேடையேற்றி நடுவர்களின் கையைப் பழக்குகிறார்கள். அப்படியும் முதல் சீட்டு எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான்.

என் கவலை வேறு. ஜெயித்த பாணியை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். தணிந்த தொடக்கம், பிறகு மூச்சுவிடாத ஓட்டம், கடைசி வரிக்கு முன் ஒரு நிறுத்தம். ஊரும் வயதும் தொண்டையும் வெவ்வேறாக இருக்க, ஏற்ற இறக்கம் மட்டும் ஒன்றாகிவிடுகிறது. விதவிதமான மனிதக் குரல்களுக்கு இடம் தரவேண்டிய மேடையில் இது பெரிய இழப்பு.

பட்ரிசியா ஸ்மித்தைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய ஸ்லாமின் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்றவர். ‘ஸ்கின்ஹெட்’ கவிதையில் இந்தக் கறுப்பினப் பெண், கறுப்பர்களை வெறுக்கும் வெள்ளை இளைஞனாகவே பேசுகிறார். அவனுடைய நியாயம், அவனுடைய திமிர், அவனுடைய புண் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும்போது கேட்பவருக்கு உடம்பு கூசுகிறது. வெறும் சத்தத்தால் இது வராது.

2011-ல் வந்த ‘டெஃப் ஜாம்’ ஆவணப்படம் இன்னும் ஒரு படி போகிறது. காது கேளாத நியூயார்க் மாணவி ஒருவர் சைகை மொழிக் கவிதையோடு, வாயால் சொல்பவர்களின் ஸ்லாமில் இறங்குகிறார். விரலும் முகமும் தோளும்தான் அவருடைய குரல். பிறகு, காது கேட்கும் கவிஞர் ஒருவரோடு ஜோடி சேர்கிறார். கையும் வாயும் சேர்ந்து ஒரு கவிதையைச் சொல்கின்றன. வழக்கமான அந்த ஏற்ற இறக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பயிற்சி தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்றவர்களின் வீடியோவைப் போட்டுக்காட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வீட்டில் கோபம் வந்தால் எந்த வேகத்தில் பேசுவார்களோ, அந்த வேகத்திலேயே முதல் வரைவைச் சொல்லவிடுங்கள். திக்கினால் திக்கட்டும்.