நெடுநல்வாடையில் கூதிர்க்கால இல்லம்

பத்துப்பாட்டினுள் ஏழாவதாக எண்ணப்பெறும் நெடுநல்வாடை, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனாரால் பாடப்பெற்றது. 188 அடிகளால் ஆயது. பாண்டியன் நெடுஞ்செழியன் பாசறையில் இருக்க, அவன் தேவி அரண்மனையில் பிரிவாற்றாது வருந்தும் ஒரு கூதிர் நள்ளிரவே இப்பாட்டின் பொருள். இது அகமா புறமா என்னும் வினா அறிஞரிடை நெடுங்காலமாக நிலவி வருகிறது. அகத்திணை மாந்தரை இன்னாரெனச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பாசறையில் ஒருவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு யாத்திருந்தமை பாண்டியனைச் சுட்டுதலின், நச்சினார்க்கினியர் இதனைப் புறமென வகுத்தார். இவ்வொரு குறிப்பு ஆராய்ச்சியாளர் கருத்தைப் பெரிதும் ஈர்த்துவிட்டமையால், பாட்டின் தொடக்கத்தே ஏறத்தாழ 70 அடிகளில் விரியும் கூதிர்க்காலக் காட்சி, தேவியின் துயருக்கு அமைத்த பின்னணி என்ற அளவில் மதிக்கப்பெற்று நின்றுவிட்டது. குளிர்கால மனையின் நலங்களை நயமுற எடுத்தோதும் பகுதி என்று பாராட்டுவோரும் அப்பாராட்டோடு அமைந்துவிடுகின்றனர்.

அம்மனையை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. கூதிர்க்காலத்து இல்லம் தரும் நலத்தை நக்கீரர் எவ்வாறு காட்டுகிறார்? அந்நலத்தைப் பாடுவதே அவர் நோக்கமா? அன்றி அதனை வேறொன்றற்கு எதிரே நிறுத்தி அளக்கின்றாரா? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

நம் நாட்டுக் குளிர்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும், மார்கழியும் தையும் முன்பனி என்றும் உரையாசிரியர் வகுப்பர். இவ்விரண்டும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகும். இப்பருவம் இன்று யாங்ஙனம் உள்ளது என்பதைத் தொண்டை நாட்டில் செங்கற்பட்டிற்கு வடக்கே, நந்திவரம் ஏரியை அடுத்துள்ள கூடுவாஞ்சேரியைக் கொண்டு காண்போம். அப்பகுதி ஆண்டு முழுதும் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள திங்கள்களிற் பெய்வது. ஆயின் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் மிகுதியாக இறங்குவதில்லை. நீர் உறைவதில்லை, மண்ணைப் பனிப்பாளம் மூடுவதில்லை, மரங்கள் இலை முழுதும் இழந்து நிற்பதில்லை. ஏரி நிரம்புகிறது, இறவாரம் சொட்டுகிறது, உலர்த்திய துணி உலர்வதில்லை, உப்பு நீர்த்துப் போகிறது, கதவிடுக்கின் வழியே வாடை நுழைகிறது. வயலும் தோப்பும் முன்னினும் பசுமையாகவே தோன்றுகின்றன.

எனவே நம் நாட்டுக் குளிரை வெளியே கண்ணாற் காட்டுதல் அரிது. வெண்பனி மூடிய நாட்டுப் புலவனுக்கு நிலமே குளிரைக் காட்டிவிடும். தமிழ்ப் புலவனோ உயிர்களின் நடையிலும், மனையிற் புழங்கும் பொருள்களின் நிலையிலும் அதனைக் காட்டவேண்டியவனாகிறான். நக்கீரர் இல்லத்துட் புகுந்து நுணுகி நோக்குவதற்கு இதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

தொண்டை நாட்டையும் அதனை அடுத்த ஓய்மா நாட்டையும் பாடும் ஆற்றுப்படைகள் இரண்டையும் இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை ஆகிய இரண்டும் வேனில் வெம்மையோடு தொடர்புடையன. வழி வருத்தத்தால் மெலிந்த பாணன் ஒவ்வொரு நிலத்து மனையிலும் விருந்து பெறுகிறான். ஆண்டு இல்லம் வருவோர்க்குத் திறந்து நிற்பது; அதன் நலம் சோறாகவும் இன்சொல்லாகவும் புறத்தார்க்குப் பயன்படுவது. நெடுநல்வாடையிலோ வழிச்செல்வார்க்கு மனையில் விருந்து இல்லை; கதவுகள் அடைபட்டுள்ளன. வேனில் திறந்த மனையைக் கூதிர் மூடுகிறது. மூடிய மனையுள் எஞ்சுவது யாது என்பதே நக்கீரர் காட்டுவது.

பயன் ஒழிந்த பொருள்கள்

குளிர்காலத்து மனைநலத்தைப் பாடப் புகுவோர் பெரும்பாலும் அக்காலத்துப் பயன்படும் பொருள்களையே அடுக்குவர். நக்கீரரும் நறுவிறகில் அகில் புகைத்தலையும், வாயகன்ற தடவில் நெருப்பு மூட்டிக் காய்தலையும் கூறுகின்றார். ஆயின் அவர் அடுக்கும் பொருள்களுட் பல, பயன்படாது கிடப்பன. வடநாட்டார் தந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு வறிதே கிடக்கிறது. கம்மியன் அழகுறச் செய்த ஆலவட்டம் சுருக்கப்பட்டு, சிலந்தி நூல் சூழத் தறியில் தொங்குகிறது. மாடத்தின் மேல்நிலையில் தென்றல் வருதற்கு அமைந்த சாளரத்தின் கதவுகள் தாழிடப்பெற்றுள்ளன. குறுகிய வாயையுடைய கலத்துக் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. மகளிர் கூந்தலுக்கு மாலை தொடுப்பதை விடுத்துச் சில மலர்களையே முடிக்கின்றனர்.

இவற்றுள் ஆலவட்டத்தைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும். குளிர் மிகுந்தது என்று கூறாமல், விசிறியின்மேல் சிலந்தி நூல் இழைத்தது என்று கூறுகிறார் புலவர். சிலந்தி நூல் ஒரு நாளில் திரள்வதன்று. அவ்விசிறி பல நாளாகத் தொடப்படவில்லை என்பதையும், வேனில் எத்துணைத் தொலைவிற் சென்றுவிட்டது என்பதையும் அந்நூலே அறிவிக்கிறது. காலத்தின் நீட்சி ஒரு சிறு பொருளின்மேற் படிந்து காட்சியாகிறது.

உயிர்களும் இவ்வாறே ஒடுங்குகின்றன. மனையுறையும் புறாக்கள் துணையோடு மன்றிற்கு இரை தேடிச் செல்வதை ஒழிந்து, இரவும் பகலும் தெரியாது மயங்கி, இருந்த பலகையிலேயே கால் மாற்றி நிற்கின்றன. ஞாயிறு மறைந்தமையால் மாலைப்பொழுதை அறியாத மகளிர், பிச்சியரும்பு மலர்ந்ததைக் கண்டு பொழுதுணர்ந்து, இரும்பு விளக்கேற்றி நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். வானம் காட்டாத பொழுதை மனையிலுள்ள ஒரு பூ காட்டுகிறது. வெளியுலகம் மறைய மறைய உள்ளே சிறியன பெரியனவாதலை இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது.

யாழ் நரம்பு

கூதிர் புலவனுக்குப் பாட்டுப்பொருள் தருவது மட்டுமன்று. பாட்டு எழும் நிலையையும் மாற்றுவது. ஆடல் மகளிர் தம் பாடலுக்கு ஏற்ப யாழைப் பண்ணுறுத்த முயல்கின்றனர். குளிரால் நரம்பு தன் இனிய குரல் திரிந்துவிட்டது. அதனைத் தம் மார்பின் வெம்மையால் தடவி, பின்னரே பண்ணில் நிறுத்துகின்றனர். இச்செய்தியை மகளிரின் இன்பநிலை கூறும் அடிகளாகக் கருதிக் கடந்து செல்வோர் உளர். அவ்வளவில் நில்லாது நோக்கின், கலைத்தொழில் பற்றிய நுண்ணிய உண்மையொன்று இதன்கண் அமைந்திருத்தல் புலனாகும். வேனிலில் யாழ் எடுத்த அளவில் இசைக்கும். கூதிரிலோ கலைஞர் தம் உடல் வெம்மையை முதலில் அதற்கு ஈதல் வேண்டும். மனையின் கதகதப்பு ஓய்வுக்கும் உறக்கத்திற்கும் மட்டும் உரியதன்று. இசை பிறத்தற்கும் அதுவே வேண்டப்படுகிறது.

மேலைநாட்டுக் குளிர்காலப் பாட்டுக்கள்

ஆங்கிலப் புலவர் வில்லியம் கூப்பர் 1785இல் வெளியிட்ட ‘தி டாஸ்க்’ என்னும் நெடும்பாட்டின் நான்காம் பகுதி குளிர்கால மாலையைப் பற்றியது. கதவங்களை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, நெருப்பருகே இருந்து தேநீர் பருகி, அஞ்சலில் வந்த செய்தித்தாளைப் படிக்கும் இன்பம் அதில் விரிகிறது. உலகின் போரும் பூசலும் தொலைவில் நிகழ, அவற்றின் ஒலி தம்மைத் தாக்காது கேட்பதே அம்மனையின் இனிமை. வறியோர் குடிசையையும் அவர் இரக்கத்தோடு நினைக்கின்றார். ஆயினும் பாட்டின் நடுவிடம் புலவரின் நெருப்பருகே அமைந்ததே.

அமெரிக்கப் புலவர் விட்டியரின் ‘ஸ்னோ பௌண்ட்’ 1866இல் வெளிவந்தது. பனிப்புயலால் பண்ணைமனையில் அடைபட்ட ஒரு குடும்பம் அடுப்பைச் சூழ்ந்திருந்து கதை கூறி மகிழ்ந்ததை அது நினைவுகூர்கிறது. புலவர் அதனைப் பாடிய காலத்தில், அன்று அடுப்பைச் சூழ்ந்திருந்தோருள் அவரும் அவர் உடன்பிறந்தான் ஒருவனும் நீங்க, வீட்டார் பிறர் மறைந்துவிட்டனர். நெருப்பின் ஒளியில் தெரியும் முகங்கள் இல்லாதோர் முகங்களே. இவ்வகையில் விட்டியர் நக்கீரர்க்கு நெருங்கியவர். மனைநலம் நிறைந்த இடத்தில் ஓர் ஆளின் இன்மையே மிகுதியாக உறுத்தும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். ஆயின் விட்டியரின் இழப்பு காலத்தால் நேர்ந்தது. நினைவு அதனை ஓரளவு ஆற்றுகிறது. நெடுநல்வாடையின் தேவிக்கு இழப்பு நினைவன்று. அது அவ்விரவிலேயே நிகழ்ந்துகொண்டிருப்பது. அவள் கட்டிலே போரில் இறந்த யானையின் மருப்பால் ஆயது. கூப்பர் தொலைவில் நிறுத்திய போர், இப்பாட்டில் மனையின் உள்ளறைக்கே வந்துவிடுகிறது.

மனையின் இருமருங்கு

பாட்டின் அடைவை இனி நோக்குவோம். நச்சினார்க்கினியர் அடிகளை முன்பின்னாக மாட்டிப் பொருள் கொண்ட முறையை மறுத்து, முல்லைப்பாட்டைப் புலவர் அமைத்த வரிசையிலேயே கற்கவேண்டும் என்று 1903இல் தம் ஆராய்ச்சியுரையால் நிறுவ முயன்றவர் மறைமலையடிகள். அவர் 1911 முதல் 1950இல் மறையும்வரை வாழ்ந்த பல்லாவரம் கூடுவாஞ்சேரிக்கு வடக்கே உள்ளது. அவர் பெயர் தாங்கிய மறைமலைநகர் அதற்குத் தெற்கே உள்ளது. அடிகளார் முல்லைப்பாட்டிற்குக் கொண்ட அந்நெறியை நெடுநல்வாடைக்கும் கொள்ளலாம்.

பாட்டு மனையில் தொடங்கவில்லை, மனையிழந்தோரிடம் தொடங்குகிறது. பெருமழையால் வெள்ளம் பரக்கக் கோவலர் தம் நிரையை வேற்று நிலத்திற்குப் பெயர்க்கின்றனர். தம் இடம் நீங்கிய கவற்சியோடு, சூடிய கண்ணி மழையில் நனைந்து குலைய, பலர் கூடிக் கைநெருப்புக் காய்ந்தும் பற்கள் நடுங்குகின்றன. விலங்கு மேய்ச்சலை மறக்கிறது, பறவை வீழ்கிறது, பசு தன் கன்றையே உதைத்து ஒதுக்குகிறது. இதன் பின்னரே நகரமும், மனையும், அரண்மனையும் வருகின்றன. தடவின் நெருப்பைப் படிக்கும்போது கோவலர் கைக்கொள்ளியை நாம் முன்னரே கண்டுவிட்டோம். ஒரே குளிரில் இருவகை நெருப்பு. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியும் அன்று. 2015 டிசம்பர் முதல் நாட்களில் பெய்த பெருமழையால் முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பகுதிகளில் ஏரிநீரும் மழைநீரும் குடியிருப்புக்களைச் சூழ, மக்கள் மனைவிட்டு வெளியேற நேர்ந்தது. கூதிரின் இனிமை கூரை உடையார்க்கே உரியது என்பதும், அக்கூரையும் உறுதியற்றது என்பதும் அப்பகுதியார் பட்டறிந்தவை. நெடுநல்வாடையை மனைநலப் பாட்டு என்ற அளவில் கற்பிக்கும் ஆசிரியர் அதன் முதற் காட்சியை மாணவரிடமிருந்து மறைப்பவராகிறார்.

பாட்டின் முடிவும் மனைக்கு வெளியே அமைகிறது. தேவியின் அறையில் யவனர் செய்த பாவை ஏந்திய விளக்கு நெய் நிறைந்து எரிகிறது. மேற்கட்டியில் எழுதிய திங்களும் உரோகிணியும் பிரியாதிருத்தலைக் கண்டு அவள் பெருமூச்செறிகிறாள். செவிலியர் கொற்றவையைப் பரவுகின்றனர். அடுத்துத் தோன்றுவது பாசறை. ஆண்டு விளக்கின் சுடர் வாடையால் தெற்கு நோக்கிச் சாய்கிறது. அரசன் உறங்காது, துளிமழையில் குடை நிழற்ற, நழுவும் மேலாடையைப் பற்றிக்கொண்டு, புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். காற்றுப் புகாத அறையிலுள்ள விளக்கும், காற்றில் சாயும் விளக்கும் ஒரே இரவில் எரிகின்றன. முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு உண்டு. ஆண்டு அரசன் மீண்டு வருகிறான், மனை நிறைவு பெறுகிறது. நெடுநல்வாடையில் மீட்சி இல்லை.

‘நல்’ என்னும் அடை

துன்புறும் தேவிக்கு நெடிதாகவும், வெற்றிபெறும் அரசனுக்கு நல்லதாகவும் இருத்தலின் இவ்வாடை அப்பெயர் பெற்றது என்பது உரைமரபு. ‘நெடு’ என்பதற்குக் கூறிய காரணம் பொருந்துவதே. ‘நல்’ என்பதற்குக் கூறிய காரணத்தில் நமக்கு ஐயம் உண்டு. பாட்டின் இறுதியில் வெற்றி நிகழ்ந்து முடியவில்லை. செவிலியரின் வேண்டுதலாகவே அது நிற்கிறது. நிகழ்வதாகக் காட்டப்பெறுவது புண்பட்டோரை அரசன் காணும் செயல் ஒன்றே. பஞ்சணையும் தடவும் உடையவன் அவற்றை விட்டுத் தொடக்கத்துக் கோவலரைப்போல வாடையில் நிற்கிறான். கூரையுள்ளார்க்கும் கூரையில்லார்க்கும் இடையே பாட்டின் முதலில் தோன்றிய பிளவு, இறுதியில் அவன் வெளியே வந்து நிற்பதால் ஓரளவு இணைகிறது. வாடை ‘நல்’வாடை ஆவது இங்கேதான் என்பது நம் கருத்து.

இவ்வாறு கொள்ளின் அகமா புறமா என்னும் வினாவும் சிறிது இடம் பெயரும். வேம்பு என்னும் குறிப்பு திணையை உறுதிசெய்யலாம். பாட்டின் ஒருமையை விளக்குவது அதுவன்று. கோவலர் மேய்ச்சல்நிலம், பூட்டிய மாடம், தேவியின் அறை, பாசறை ஆகிய நான்கிடத்தையும் ஊடறுத்துச் செல்லும் வாடையே அவ்வொருமையைத் தருகிறது. மனைநலத்தை நக்கீரர் பழிக்கவில்லை; அதனை நுணுகி விரும்பியே பாடுகின்றார். ஆயின் அதனைப் பாட்டின் நடுவே வைத்து, முன்னே மனையிழந்தோரையும் பின்னே மனைநீங்கியோனையும் நிறுத்தினார். கூதிரைக் கூறும் ஏனைச் சங்கப் பாட்டுக்களிலும் மனைப்பொருள்களை இம்முறையில் தொகுத்து ஆராயின், அக்காலத் தமிழர் குளிரையும் இல்லத்தையும் எவ்வாறு உணர்ந்தனர் என்பது மேலும் விளங்கும். அப்பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளுதல் நன்று.