கடனில்லாத் தீவு

பன்னாட்டு அரசியற் பொருளாதாரத்தை முதுகலை வகுப்பில் பயில்வோர் அறிந்த நூல்களுள் ஒன்று, சூசன் ஸ்ட்ரேஞ்ச் அம்மையார் 1988இல் வெளியிட்ட 'ஸ்டேட்ஸ் அண்ட் மார்க்கெட்ஸ்'. பொருளியல் அறிஞரும் பன்னாட்டு உறவுகளை ஆய்வோரும் ஒருவரையொருவர் புறக்கணிப்பதை 1970இலேயே சுட்டிக்காட்டி, இத்துறைக்கு வித்திட்டவர் அவர். உலகமயமாதலைப் பற்றிப் பிரசங்கிக்க முற்படும் நாம் இந்நூலிடம் கற்க வேண்டியதும் உண்டு; அதனோடு மாறுபட வேண்டியதும் உண்டு.

வல்லமை இருவகைப்படும் என்கிறார் ஆசிரியர். ஒருவனை வற்புறுத்திச் செயல்பட வைப்பது ஒன்று. அவன் எவ்விதிகளுக்குட்பட்டு வாழ வேண்டும் என்பதையே வகுப்பது மற்றொன்று. பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு ஆகிய நான்கு அமைப்புகளில் இவ்விரண்டாம் வல்லமை குடிகொண்டுள்ளது. இதற்கு மெக்சிகோவின் வரலாறு தக்க சான்று. தன் நாட்டு விலைவாசியை அடக்கும்பொருட்டு அமெரிக்க மைய வங்கி 1979 முதல் வட்டி விகிதத்தை உயர்த்தியது. மெக்சிகோவின் வெளிக்கடனில் பெரும்பகுதி சந்தை வட்டியோடு ஏறி இறங்குவது. எண்ணெய் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ளவே, 1982 ஆகஸ்டில் அந்நாடு கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. மெக்சிகோவுக்கு எவரும் ஆணையிடவில்லை. ஆயினும் சுமை அதன் ஏழைகள்மேல் விழுந்தது. 'பேராசை' என்னும் ஒரு சொல்லால் இதனை விளக்கும் பிரசங்கம் உண்மையைத் தொடாது.

எனினும் நூலின் தொடக்கக் கதை நம்மைத் தயங்க வைக்கிறது. கப்பல் மூழ்கியபின் தீவொன்றில் கரையேறியோர் மூன்று குழுக்களாக வாழ்கின்றனர். பாதுகாப்பு, நீதி, செல்வம் என ஒவ்வொரு குழுவும் ஒன்றை முதன்மையாகக் கொள்கிறது. எதனை விரும்புவது என்னும் தீர்ப்பை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார். கற்பிப்போர்க்கு இந்நேர்மை அழகே. ஆனால், அத்தீவில் எவரும் கடனோடு கரையேறவில்லை. மெய்யுலகிலோ, தான் வாங்காத கடனுக்குள்ளே குழந்தை பிறக்கிறது. தெரிந்தெடுக்கும் உரிமை அதற்கு எங்கே?

லேவியராகமம் 25ஆம் அதிகாரமோ வெறுந்தீவில் தொடங்கவில்லை. நிலத்தை ஏற்கெனவே இழந்தவனையும் அது கணக்கில் கொள்கிறது. அந்த யூபிலியின் பெயரைத் தாங்கிய 'ஜூபிலி 2000' இயக்கத்தார் ஏறத்தாழ 70,000 பேர், 1998 மே 16 அன்று, எட்டு நாட்டுத் தலைவர்கள் கூடிய பர்மிங்காமில் கைகோத்து நின்றனர். ஏழை நாடுகளின் கடன் குறைப்புக்கென 1996இல் தொடங்கப்பட்டிருந்த திட்டம் 1999இல் விரிவாக்கப்பட்டது. கடன் முழுவதும் நீங்கிவிடவில்லை. ஆயினும் திருமறையின் சொல்லொன்று நிதியமைச்சர்களின் மேசைவரை சென்றது.

வட்டியின் இயக்கத்தை அறியாத பிரசங்கம் வெறும் புலம்பலாகும். கடனாளியின் முகத்தைக் காணாத கல்வி வெறும் கணக்காகும். நம் மாணவர் இந்நூலையும் லேவியராகமத்தையும் ஒரே மேசையில் விரித்துவைத்துக் கற்பாராக.