நம்பர் கூட்டினால் பஸ் வந்துவிடுமா?

அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் சென்ட்ரல் போக மின்சார ரயில் இருக்கிறது. பூந்தமல்லிக்கு அது கிடையாது. ஆக, இந்தப் பக்கத்தில் பஸ் செய்யவேண்டியது ஆவடி–பூந்தமல்லி மாதிரி குறுக்கு ஓட்டம். மாநகர் போக்குவரத்துக் கழகத் தடங்களோ பெரும்பாலும் பிராட்வே, தி.நகர் என்று கிழக்கேதான் பார்க்கின்றன. ஒரே சாலையில் ஏ, பி, சி என்று வால் முளைத்த நம்பர்கள். நம்முடையது மட்டும் வராது.

2015 ஆகஸ்டில் ஹூஸ்டன் தடங்களை நேராக்கி, அடிக்கடி ஓடவிட்டு, மாறி ஏறச் சொன்னது. "மாறினா ரெண்டு டிக்கெட் ஆகுதே?" நியாயமான கேள்விதான். ஆனால் 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு அந்தச் செலவே இல்லை. மிச்சம் காத்திருப்புதான்.

பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பூந்தமல்லி போகிறவர் வானகரத்தில் மாறத் தயங்கமாட்டார். அரை மணி என்றால் ஷேர் ஆட்டோதான், அது இலவசமில்லை.