ரஷ்

ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிபட்டவன் எவனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுவதில்லை, 'ரஷ்' செய்யப்படுகிறான். போலீஸும் தீயணைப்புப் படையும் சம்பவ இடத்துக்குப் போவதில்லை, 'ரஷ்' செய்கின்றன. லண்டன் பத்திரிகையானாலும் சரி, நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையானாலும் சரி, இதுதான் சம்பிரதாயம். நான்கே எழுத்து, தலைப்பில் அடங்கிவிடும் என்பது ஒரு காரணம். ஆனால் இடம் தாராளமாக இருக்கும் உள்பத்தியிலும் அதே சொல்தான் வருகிறது. யோசிக்க வேண்டியது இங்கேதான்.

ஒரு சொல் எதையாவது தெரிவிக்கிறது என்றால், அதன் இடத்தில் வேறொரு சொல் வந்திருக்கவும் கூடும் என்று அர்த்தம். 'நிதானமாகக் கொண்டுபோனார்கள்' என்று எழுதிய நிருபரை நான் படித்ததில்லை. வண்டி கிளம்பியபோது பெரும்பாலும் நிருபர் அங்கே இல்லை. வேகத்தை அவர் ஊகிக்கிறார். ஊகத்தைத் தகவலாகத் தருகிறார். ஆயத்தச் சொற்றொடர்கள் நமக்குப் பதிலாகத் தாமே சிந்தித்துவிடும் என்று ஆர்வெல் 1946இல் எச்சரித்தார். அவர் மனதில் இருந்தது அரசியல் உரைநடை. இந்தச் சொல்லோ பரம சாதுவாகத் தெரிகிறது. அதனாலேயே இதை யாரும் சந்தேகிப்பதில்லை.

சாது அல்ல. அதிகாரத்தில் இருப்பவர் 'ரஷ்' செய்தால் அது கடமை. ஜனங்கள் செய்தால் குற்றம். கூட்டம் 'ரஷ்' செய்தது என்றால் முண்டியடித்தது, கட்டுக்கு அடங்கவில்லை என்று பொருள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நேர்ந்த நெரிசல் மொத்தம் 97 உயிர்களை வாங்கியது. ரசிகர்கள் வாயிலை உடைத்துப் புகுந்தார்கள் என்று பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி அன்றே சொன்னார். அந்தக் கதை பரவியது. வாயிலைத் திறக்க உத்தரவிட்டவர் அவரேதான். தாம் சொன்னது பொய் என்று 2015இல் விசாரணையின் முன் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள்மேல் தவறில்லை என்று 2016இல் ஜூரிகள் முடிவு சொன்னார்கள். தக்க சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்று சுயேச்சைக் குழு ஒன்று 2012இல் அறிவித்தது. அவசரம் முழுவதும் கூட்டத்தின் கணக்கில் அன்றைக்கே ஏறிவிட்டது. தாமதம் உரிய கணக்கில் ஏற 23 வருஷம் ஆயிற்று.

எத்தனை மணிக்குத் தகவல் போயிற்று, எத்தனை மணிக்கு வண்டி வந்தது? இந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்காத நிருபர், அவை இருக்க வேண்டிய இடத்தில் 'ரஷ்' என்று போட்டு நிரப்பிவிடுகிறார். கேள்வி கேட்கப்படாததே தெரியாமல் போய்விடுகிறது.

தமிழுக்கு இந்தச் சொல் இரண்டு வழியாக வந்திருக்கிறது. பேச்சில் அப்படியே நுழைந்து 'கூட்டம்' என்ற பொருளில் தங்கிவிட்டது. பஸ்ஸில் ரஷ், ரேஷன் கடையில் ரஷ், மாத முதல் வாரத்தில் என் கவுண்டருக்கு முன்னாலும் ரஷ். ஓர் அடி நகர முடியாத நிலைக்கு வேகத்தின் பெயரை வைத்திருக்கிறோம். இதில் எனக்குப் புகார் இல்லை. புழங்கியவர்களின் அனுபவம் அதில் இருக்கிறது.

மற்றது பத்திரிகை வழி. அங்கே அது 'விரைந்து' என்று ஆகியிருக்கிறது. தகவல் அறிந்த போலீஸார் சம்பவ இடத்துக்கு விரைந்து சென்று உடலைக் கைப்பற்றிப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தனர். தினசரி படிக்கும் யாரும் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். உடலுக்கு என்ன அவசரம் என்று எழுதியவரும் கேட்கவில்லை, படித்தவரும் கேட்கவில்லை. உயிர் இருக்கும்போது யாராவது விரைந்தார்களா என்பதும் அந்த வாக்கியத்தில் கிடையாது.

இதில் இலக்கணத்தின் எதிர்ப்பு ஒன்றும் உண்டு. 'விரை' செயப்படுபொருள் குன்றிய வினை. ஒருவனை இன்னொருவன் விரைய முடியாது. ஆகவே 'விரைந்து கொண்டு செல்லப்பட்டார்' என்று மொழியை முறுக்க வேண்டியிருக்கிறது. கொண்டுபோனவன் ஆங்கிலத்தில் ஓசையில்லாமல் மறைகிறான். தமிழில் அவனைப் பிடித்துத் தள்ளித்தான் மறைக்க முடிகிறது.

பத்திரிகையோடு இது நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நம் சிறுகதைகளில் கதாபாத்திரங்கள் விரைய ஆரம்பித்து வெகுநாளாகிறது. கணவன் மருத்துவமனைக்கு விரைகிறான், மகன் ரயிலடிக்கு விரைகிறான். எப்படிப் போனான், எதில் போனான், கையில் காசு இருந்ததா என்று எதையும் காணாமலேயே எழுத்தாளன் அவனை அனுப்பிவிடுகிறான். கிராமத்தில் கேட்டால் 'தூக்கிக்கிட்டு ஓடுனோம்' என்பார்கள். அந்த இரண்டு வினைகளில் தூக்கியவர்கள் இருக்கிறார்கள், தூக்கப்பட்டவனின் கனம் இருக்கிறது, வண்டி கிடைக்கவில்லை என்பதும் இருக்கிறது. நிருபருக்கு மாலைப் பதிப்பின் நெருக்கடி என்று சொல்லிக்கொள்ளலாம். முன்னூறு பிரதி அச்சிடும் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவனுக்கு என்ன அவசரம்?