பொய் எத்தனை, தொண்டு எவ்வளவு நேரம்?

சுவாமி சிவானந்தர் வகுத்த ஆன்மிக டைரியை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு அது பால் கணக்கு அட்டை மாதிரிதான் தெரியும். இடப்பக்கம் வரிசையாகக் கேள்விகள், மேலே மாதத்தின் தேதிகள், நடுவே காலிக் கட்டங்கள். எழுந்த நேரம், தூங்கிய மணி, உருட்டிய ஜபமாலைகள், செய்த பிராணாயாமங்கள், ஆசனத்தில் கழிந்த நேரம், படித்த கீதை சுலோகங்கள், மௌனம் காத்த பொழுது என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போகின்றன. யோகம் பயில்கிறவர் எதிர்பார்க்கக்கூடியவைதான் இவையெல்லாம்.

அதே வரிசையில், எந்த அறிவிப்பும் இல்லாமல், வேறு சில கேள்விகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பலன் கருதாமல் பிறருக்காக உழைத்தது எவ்வளவு நேரம்? தானமாகக் கொடுத்தது எவ்வளவு? சொன்ன பொய்கள் எத்தனை? கோபம் எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது? பொய்க்கும் கோபத்துக்கும் இன்னொரு துணைக்கேள்வியும் உண்டு: அதற்காக உங்களுக்கு நீங்களே விதித்துக்கொண்ட தண்டனை என்ன?

இந்தத் தாளின் அழகு இங்கேதான் இருக்கிறது. மூச்சுப் பயிற்சிக்கு ஒரு கட்டம் என்றால் தொண்டுக்கும் அதே அளவில் ஒரு கட்டம். தியானத்துக்குப் பெரிய எழுத்து, பொய்க்குச் சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் பத்மாசனத்தில் அமர்ந்தவர், அன்று மாலை அலுவலகத்தில் எரிந்து விழுந்திருந்தால், இரண்டு எண்களும் ஒரே தேதியின் கீழ் நிற்கும்.

கேள்விகளின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை ‘எத்தனை’, ‘எவ்வளவு நேரம்’ என்று அளவையே கேட்கின்றன. ‘நிறைய சேவை செய்தேன்’ என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. நாற்பது நிமிடம் என்றோ பூஜ்யம் என்றோதான் எழுத முடியும். மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது, ஒளி தெரிந்ததா, ஆனந்தம் வந்ததா என்றெல்லாம் அது கேட்பதே இல்லை. அனுபவத்தை அளந்தால் கற்பனை கலந்துவிடும், செயலை அளந்தால் அந்த வாய்ப்பு குறைவு என்பதைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரின் கைவண்ணம் இது.

அந்தக் கை ஒரு மருத்துவரின் கை. திருநெல்வேலிச் சீமையில், கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909இல் ‘அம்பிரோசியா’ என்ற மருத்துவ இதழைத் தொடங்கி நடத்தினார். 1913இல் கப்பலேறி மலாயா போய், சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பத்தாண்டுகள் கழித்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர், 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். காய்ச்சல்காரரின் சூட்டை வேளை தவறாமல் குறித்துவைக்கும் பழக்கம் துறவோடு போய்விடவில்லை என்பதற்கு இந்தக் கட்டங்களே சாட்சி.

மருத்துவமும் போய்விடவில்லை. முதிர்ந்த காப்பீட்டுப் பணத்தை வைத்து 1927இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் நடந்தே போன யாத்திரிகர்கள் அங்கே மருந்து வாங்கிக்கொண்டார்கள். 1936இல் நிறுவிய தெய்வ நெறிக் கழகத்தின் முத்திரைச் சொற்களில் தொண்டு முதலாவதாக நிற்கிறது. அன்பு இரண்டாவது, தியானம் மூன்றாவது. தியானம் கைகூடிய பிறகு உலகுக்கு உதவலாம் என்று காத்திருக்கும் சாதகருக்கு அந்த வரிசை வசதியாக இராது.

தன்னைத்தானே தணிக்கை செய்யும் அட்டவணைகள் உலகுக்குப் புதியவை அல்ல. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களை ஒரு பக்கமும் வாரத்தின் ஏழு நாட்களை மறுபக்கமும் எழுதி, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். அவருடைய தாளில் புள்ளியே இல்லாத பக்கம்தான் வெற்றி. சிவானந்தரின் தாளில் வெறும் பக்கம் தோல்வி. பொய்யும் கோபமும் குறைந்தால் மட்டும் போதாது. ஜபமும் தொண்டும் ஏற வேண்டும். தண்டனையும் கொடூரமானதல்ல. ஓர் இரவுச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, கூடுதலாகச் சில மாலை ஜபிப்பது, அவ்வளவுதான். மாதம் முடிந்ததும் நகலெடுத்துக் குருவுக்கு அனுப்புவது மரபு. கணக்கைப் பார்க்க இன்னொரு கண் இருக்கிறது என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

தொண்டுக் கட்டம் எவ்வளவு கனமாகக்கூடும் என்பதைச் சீடர் சிதானந்தரிடம் பார்க்கலாம். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர் அவர். 1943இல் சிவானந்தரின் ஆசிரமத்துக்கு வந்தவருக்கு மருந்தகப் பொறுப்பு கிடைத்தது. புண்கள் முற்றிய தொழுநோயாளியைத் தங்கவைத்துத் தம் கையாலேயே கழுவிக் கட்டுப்போட்டவர். ஆசிரமம் இருக்கும் முனி கி ரேதியின் சுற்றுவட்டாரத் தொழுநோயாளிகளின் நலம் அவருடைய வாழ்நாள் வேலையாகவே ஆனது. பின்னாளில் தெய்வ நெறிக் கழகத்தின் தலைவரான பிறகும் அது தொடர்ந்தது.

இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தர், 1957இல் மேற்கே போய் ஆசனங்களைப் பரப்பியவர். அவர் வழி வந்த ஆசிரமங்களில் ஒன்று மதுரை அருகே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் விடிகாலை தியானத்துக்கும் இரண்டு வேளை ஆசன வகுப்புக்கும் தயாராகப் போகிறார்கள். அன்றாட நிரலில், காலைச் சாப்பாட்டுக்கும் பிற்பகல் உரைக்கும் நடுவே ‘கர்ம யோகம்’ என்று ஒரு வேளை இருப்பதைப் பிறகுதான் பார்க்கிறார்கள். முற்றம் பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் காய் நறுக்குவதும் அந்த வேளைக்குள் அடக்கம். சிரசாசனம் வருகிறவருக்கும் வராதவருக்கும் அதே துடைப்பம்தான்.

ஆசிரமத்தில் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆள் உண்டு. வீட்டில் அப்படி யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதா, இன்னும் இரண்டு மாலை ஜபிப்பதா என்று டைரி சொல்லித் தராது. எதைச் செய்தாலும் அன்றிரவு அதற்குரிய கட்டத்தில் ஓர் எண் விழ வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை. பட்டியலில் மிச்சமிருப்பது இன்னும் ஒரே கேள்வி: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?